கிணற்றுக் கல்லில் ஒரு சமுதாயம்



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் நீர்வேலியில் வாழைக்குலை வாங்கிச் சந்தைகளுக்கு அனுப்புபவர். பள்ளி விடுமுறையில் பதினொரு வயது மகனும் வாப்பாவோடு அங்கே போயிருக்கிறான். ஒரு தோட்டத்தில் பழைய கிணற்றை ஆழமாக்கிக்கொண்டிருந்தார்களாம். அலவாங்கால் உடைத்து மேலே போட்ட வெள்ளைக் கற்களில் ஒன்றைப் பையன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான். கல்லுக்குள்ளே சிப்பி! வாழைத் தோட்டத்தின் நடுவே, செம்மண்ணுக்கும் கீழே, கல்லுக்குள் கடற்சிப்பி எப்படிப் போனது என்பது அவனுடைய முதல் கேள்வி.

நூஹ் நபி (அலை) அவர்களின் வெள்ளம் கொண்டுவந்தது என்று வாப்பும்மா சொல்லி முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியரோ, இந்தக் கல்லிலுள்ள உயிரினங்களில் பல இன்று உலகில் எங்குமே இல்லை, இனம் இனமாக அழிந்துபோவது பூமியில் பலமுறை நடந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவு சோற்றுக்கு இருக்கும்போது பையன் கேட்டானாம்: அல்லாஹ் படைத்ததை அல்லாஹ்வே ஏன் இல்லாமலாக்க வேண்டும்? வாப்பும்மா நடுங்கிப்போனார். இப்படிக் கேட்பதே ஈமானுக்கு ஆகாது, கல்லைக் கொண்டுபோய் வீசு என்று சத்தம் போட்டிருக்கிறார். கல் இப்போது சமையலறை அலுமாரியின் மேல்தட்டில், சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மாமியையும் நோகடிக்கக் கூடாது, பிள்ளையின் வாயையும் அடைக்கக் கூடாது, நான் என்ன செய்ய என்று கேட்கிறார் சகோதரி.

கல்லை வீசாதீர்கள். அதை வெளியே எடுத்து வையுங்கள். மாமியையும் பக்கத்தில் உட்கார வைத்து, கீழே வருவதை வாசித்துக் காட்டுங்கள்.

நீர்வேலிக் கிணறு சொல்வது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று பருத்தித்துறை வீதியில் போகும்போது இருபுறமும் தெரியும் பசுமையெல்லாம் கிணற்று நீரால் வந்தது. அந்த நீரைத் தாங்கி வைத்திருப்பது மண்ணல்ல. மண்ணுக்குக் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியில் கிடக்கும் உப்பு நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நீர்வேலிக்கு அப்பால் புத்தூர்ப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறதே, அதில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது ஊரறிந்த விடயம். காரணம் இதுதான்.

அந்தக் கல் எப்படி வந்தது? மயோசின் என்று சொல்லப்படும் காலத்தில், ஏறத்தாழ ஒரு கோடியே 60 இலட்சம் ஆண்டுகளிலிருந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, குடாநாடு முழுவதும் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் கிடந்தது. சிப்பி, முருகைக்கல், கடற்பாசி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணுயிர் என்று அந்தக் கடலில் வாழ்ந்தவை இறந்து, அவற்றின் ஓடுகள் அடியில் படிந்தன. அவற்றின் மேல் அவற்றின் பிள்ளைகள், பிள்ளைகளின் மேல் பேரப்பிள்ளைகள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் படிந்து இறுகியதுதான் யாழ்ப்பாணச் சுண்ணக்கல். வேலண்ட், டேவிஸ் என்ற இரண்டு அறிஞர்கள் 1923ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, 1990ல் மூடப்படும் வரை, இந்தக் கல்லைத்தான் அரைத்தது. ஆகவே, நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குள் அந்தப் பழைய கடலின் ஓடுகள் மாவாகிக் கிடக்கின்றன. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிப்பியிலிருந்து சுட்டெடுப்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். சிப்பி சுண்ணாம்பாகும் என்றால், சுண்ணாம்புக்கல் சிப்பியிலிருந்து வந்தது என்பதை நம்ப மாமிக்கு ஏன் கஷ்டம்?

வெள்ளம் என்ற விளக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூஹ் நபி (அலை) அவர்களின் வெள்ளம் நமக்கு நம்பிக்கை சார்ந்த விடயம். அது உலகம் முழுவதையும் மூடியதா, அந்தச் சமூகத்தார் வாழ்ந்த நிலத்தை மட்டும் மூடியதா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்தக் கல் அந்த வெள்ளத்தின் வேலையல்ல. வெள்ளம் சேற்றையும் மணலையும் குப்பையையும் ஒன்றாகக் கலந்து கொட்டிவிட்டுப் போகும். இங்கேயோ, நுண்ணிய ஓடுகள் அடுக்கடுக்காக, பல பத்து மீற்றர் தடிப்பில் படிந்திருக்கின்றன. சில நாள், சில மாதத்து நீரால் இது ஆகாது.

இப்படிச் சொல்வது மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். கி.பி. 973ல் குவாரிஸ்மில் பிறந்த அல்-பீரூனியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர்களின் இருப்பிடத்தை அளந்து கணிப்பது பற்றி அவர் 1025ல் எழுதி முடித்த நூலில், அரபு நாட்டுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன தெரியுமா? அங்கே கிணறுகளும் குளங்களும் தோண்டும்போது கிடைக்கும் மண்ணடுக்குகளும், உடைத்தால் உள்ளே சிப்பி தெரியும் கற்களும்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் கிணற்றங்கரைக் கல்லைக் கையிலெடுத்துப் பார்த்து யோசித்ததைத்தான் இன்று யாழ்ப்பாணத்துப் பையன் செய்திருக்கிறான். இதில் ஈமானுக்கு என்ன குறை? பூமியில் சென்று, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று கவனிக்கும்படி திருக்குர்ஆனே நம்மை ஏவுகிறது.

அந்தக் கல்லில் இன்னொரு அதிசயம் உண்டு. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் காணப்படும் நுண்ணுயிர்களில் ஒன்றுக்குத் ‘தபெரினா மலபாரிகா’ என்று பெயர். பெயரிலேயே மலபார்! கார்ட்டர் என்பவர் 1853ல் கேரளக் கரையில் கிடைத்த கல்லிலிருந்து அதை முதலில் விவரித்தார். ஒரே செல்லாலான உயிர், வட்டத் தட்டுப் போன்ற ஓடு. கொல்லத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே உயிர் இருந்ததால், இரண்டு கரைகளையும் ஒரே காலத்துக் கடல் நனைத்தது என்று அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். இன்று அது எந்தக் கடலிலும் இல்லை. அதற்கு எந்தப் பிரளயமும் வரவில்லை. தன் தவணை முடிந்ததும் போய்விட்டது. உலகில் தோன்றிய இனங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான், ஒன்று போக ஒன்று வர, ஓசையில்லாமல் போயிருக்கின்றன.

ஆனால் பையனின் ஆசிரியர் சொன்னது இந்த ஓசையில்லாத போக்கைப் பற்றியல்ல. ஊரில் வயது முதிர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாவது வேறு. ஒரே இரவில் ஊரே அழிவது வேறு. அந்த இரண்டாம் வகை பூமியில் ஐந்து முறை நடந்ததாகக் கணக்கு. கடல் உயிர்களின் பதிவுகளைத் தொகுத்து 1982ல் இந்த ஐந்தையும் பிரித்துக் காட்டியவர்கள் ராப், செப்கோஸ்கி என்ற இரு அமெரிக்கர்கள்.

ஏ-9 வீதியில் ஒரு பயணம்

கோடி கோடியாக ஆண்டுகளைச் சொன்னால் தலை சுற்றும். ஆகவே ஓர் ஆண்டை ஒரு மில்லிமீற்றராக வைத்துக்கொள்வோம். நீர்வேலிக் கிணற்றடியில் நின்றுகொண்டு தெற்கு நோக்கி, காலத்தில் பின்னோக்கி நடப்போம். கைதடியில் ஏ-9 வீதியைப் பிடித்துக்கொள்ளலாம். தூரங்கள் ஏறத்தாழத்தான்.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் ஒன்றரை மீற்றர் கூட இல்லை. இரண்டு எட்டு வைத்தால் வந்துவிடும். மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் 300 மீற்றரில், இன்னும் தோட்டம் தாண்டவில்லை. கிணற்றுக் கல் கடலாக இருந்த காலம் சாவகச்சேரியில். கிளிநொச்சிக்கு வந்தால் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு. அங்கேதான் முதல் பேரழிவைச் சந்திக்கிறோம்; காலத்தில் பார்த்தால் அது ஐந்தில் கடைசி. டைனோசர்கள் அங்கே நிற்கின்றன. மதவாச்சி தாண்டினால் 20 கோடியே 10 இலட்சம் ஆண்டு, அங்கே இன்னொன்று. தம்புள்ளையில் 25 கோடியே 20 இலட்சம், எல்லாவற்றிலும் கொடியது. கண்டி வழியாகக் கேகாலையும் தாண்டினால் 37 கோடியே 20 இலட்சம். கொழும்பை எட்டும்போது 44 கோடியே 50 இலட்சம், முதலாவது அழிவு. கொழும்புக்கு அப்பால் வீதியில்லை, கடல்தான். ஆனால் பூமியின் கதை இன்னும் 4,000 கிலோமீற்றருக்குப் போகிறது!

கொழும்பில் நிற்கும் அந்த முதல் அழிவு குளிரால் வந்தது. தென்துருவத்தில் பனி குவிந்து, கடல் மட்டம் இறங்கி, ஆழமற்ற கடல்களில் வாழ்ந்தவை திக்கற்றுப்போயின. கேகாலைப் பக்கத்து அழிவு பல கட்டமாக நீண்டு நடந்தது. கடல்நீரில் பிராணவாயு குறைந்தது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்விரண்டையும் இத்தோடு விட்டுவிட்டுத் தம்புள்ளைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே உயிர் என்ற விளக்கே அணைந்துவிடப் பார்த்தது.

இன்றைய ரஷ்யாவின் சைபீரியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு பொங்கியது. ஒரு மலையிலிருந்து ஒரு நாள் வந்ததல்ல. ஒரு தேசத்தளவு நிலப்பரப்பில், இலட்சக்கணக்கான ஆண்டுகள். குழம்பு கொன்றதைவிட அதோடு வந்த புகை கொன்றதே அதிகம். கரியமிலவாயு வானில் நிறைந்து பூமி கொதித்தது. கடல் சூடாகிப் புளித்தது. நீரில் மூச்சுக்குக் காற்றில்லை. கடல்வாழ் இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த எல்லையைக் கல்லில் தெளிவாகக் காட்டும் இடங்களில் ஒன்று காஷ்மீரில், ஸ்ரீநகருக்கு அருகே குன்மூ ஊரில், குர்யுல் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் கீழ் அடுக்கில் உயிர்களின் கூட்டம். சற்று மேலே வந்தால் வெறிச்சோடிய கல். பவளப் பாறைகள் கடலில் மறுபடி எழும்ப ஒரு கோடி ஆண்டு அளவு ஆனது.

மதவாச்சிப் பக்கத்து அழிவும் எரிமலையால்தான். அத்திலாந்திக் சமுத்திரம் பிறக்கும்போது பிளந்த பூமியிலிருந்து வந்தது. அதற்குப் பின் வந்த காலத்தின் நினைவு நம் நாட்டிலேயே உண்டு. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வழியில் தப்போவ என்ற இடத்தில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் இலைகள் கல்லில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அடைக்கலமான நம் குடும்பங்கள் அந்த வழியால் எத்தனை முறை போய்வந்திருக்கும்! கால்படியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்குத் தப்போவக் கல்லைப் பற்றி யோசிக்க நேரமிருந்திருக்காதுதான்.

இனிக் கிளிநொச்சி. இதற்கு நம்மிடம் நெருங்கிய சாட்சி தமிழ்நாட்டில் அரியலூர். அங்கும் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிறார்கள். காரை என்ற ஊரின் வெட்டவெளியில் அம்மோனைட் என்ற உயிரின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு, மிகப் பெரிய உடல் என்று பொருள்படும் ‘புருகத்காயோசாரஸ்’ என்ற பெயரை 1987ல் வைத்தார்கள். மழையில் ஊறிய அந்த எலும்புகள் பின்னர் உதிர்ந்தே போய்விட்டன. பிள்ளைகள் பென்சில் பெட்டியிலும் சட்டையிலும் டைனோசர் படத்தைச் சுமந்து திரிகிறார்கள். நம் பக்கத்து நிலத்திலேயே அது கிடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் மனத்தைத் தொட்டது டைனோசரல்ல, அம்மோனைட்தான். நத்தை போல் சுருண்ட ஓட்டுக்குள், கணவாயின் உறவுக்கார உயிர். ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அந்தக் குலம் கேகாலையைத் தாண்டியது, தம்புள்ளையைத் தாண்டியது, மதவாச்சியையும் தாண்டியது. ஒவ்வொரு முறையும் ஒரு சிலவே மிஞ்சி, அவற்றிலிருந்து மீண்டும் கடலை நிரப்பின. கிளிநொச்சியில் முடிந்துபோயிற்று.

அன்று நடந்தது இது: 10 கிலோமீற்றர் அளவு குறுக்களவுள்ள விண்கல் ஒன்று மெக்சிக்கோ நாட்டு யுகட்டான் கரையில் வந்து விழுந்தது. இத்தாலியில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கில், பூமியில் அரிதும் விண்கற்களில் மிகுதியுமான இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, அல்வாரெஸ் என்ற தகப்பனும் மகனும் தம் தோழர்களோடு 1980ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். பலர் சிரித்தார்கள். 1991ல், 180 கிலோமீற்றர் அகலமுள்ள பள்ளம் இதுதான் என்று அடையாளம் காட்டப்பட்டது. தூசியும் புகையும் சூரியனை மறைத்தன. செடி வாடியது, கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்செடி செத்தது, அதைத் தின்றவை செத்தன. இந்தியாவில் மகாராஷ்டிரப் பக்கம் தக்காண எரிமலைக் குழம்பும் அதே காலத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள்.

அம்மோனைட்டின் ஒன்றுவிட்ட சகோதரி போன்ற நோட்டிலஸ் மட்டும் பிழைத்தது; இன்றும் ஆழ்கடலில் வாழ்கிறது. ஏன் ஒன்று போய் மற்றது நின்றது? தாய்மார் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மோனைட் எண்ணற்ற சிறு குஞ்சுகளைக் கடலின் மேற்பரப்பில் மிதக்கவிட்டது. உணவு அழிந்ததும், நஞ்சு மழை பெய்ததும் அங்கேதான். நோட்டிலஸ் ஆழத்தில், சில பெரிய முட்டைகளை மட்டும் இடுகிறது; அவை பொரிக்க ஓராண்டளவு ஆகும். குஞ்சு வெளியே வரும்போதே தேறியிருக்கும், அதற்குக் கொஞ்சம் உணவே போதும். அறிஞர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது. வலிமையுள்ளது பிழைத்தது என்பதல்ல; அந்த ஒரு கெட்ட காலத்துக்குப் பொருந்தியது பிழைத்தது. நல்ல காலத்தில் அதே பெரிய முட்டை ஒரு குறையாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆறாவது

பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அல்லாஹ் ஏன் இல்லாமலாக்குகிறான்? ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு தவணை உண்டு என்பதைப் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பார்கள். டைனோசர் போனதால்தான் பாலூட்டிகளுக்கு இடம் கிடைத்தது. அவற்றின் வழியில்தான் ஆடும் மாடும் ஒட்டகமும் வந்தன. ஒன்றை எடுத்து ஒன்றைத் தருவதும், ஒரு கோடி ஆண்டு பொறுத்திருப்பதும் படைத்தவனுக்கு எளிது. நமக்கு அந்த அதிகாரமும் இல்லை, அவ்வளவு காலமும் இல்லை.

விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகவே, உம்மத்துகளாகவே, திருமறை சொல்கிறது. தொல்லை தந்த நாய்களைப் பற்றிய பேச்சில்கூட, அவையும் உம்மத்துகளில் ஓர் உம்மத் என்பதை நபி (ஸல்) அவர்கள் காரணமாகக் காட்டி, முழுவதும் கொல்ல உத்தரவிடாமல் நின்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. ஹிஜ்ரி 388ல் மறைந்த இமாம் கத்தாபீ இதற்கு விளக்கம் எழுதுகையில், ஓர் இனத்தை அடியோடு துடைத்தெறிவதை நபியவர்கள் வெறுத்தார்கள், எந்தப் படைப்பும் ஏதோவொரு ஹிக்மத் இல்லாமல் இல்லை என்ற கருத்தைச் சொல்கிறார். ஒரு பிராணியைக் கொல்வது வேறு, ஓர் இனத்தை இல்லாமலாக்குவது வேறு என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்.

நம் இலங்கைக் கணக்கைப் பார்ப்போம். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில், கல் தேடும் சரளை மண்ணோடு, நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் பல்லும் சிங்கத்தின் பல்லும் வந்திருக்கின்றன. தெரணியகல என்ற அறிஞர் 1939ல் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டதே அப்படிக் கிடைத்த பற்களைக் கொண்டுதான். பேருவளையில் மாணிக்க வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண்கள் இதை அறிந்திருக்கலாம். அவையெல்லாம் மிகப் பழைய காலத்தவை. ஆனால் காட்டெருது? கண்டி அரசனிடம் இருபது ஆண்டளவு சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681ல் வெளியிட்ட நூலில், அரசனிடம் அந்த மாடு இருந்ததைச் சொல்கிறார். இன்று இந்தியாவில் உண்டு, இலங்கையில் இல்லை. மலைநாட்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு வெட்டினார்கள். அந்தக் காட்டுத் தவளைகள் போயின. உலகில் அழிந்துவிட்டதாக உறுதிசெய்யப்பட்ட தவளை இனங்களில் ஏறத்தாழப் பாதி நம் சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்தவை! 1872ல் விவரிக்கப்பட்டு, பின் யார் கண்ணிலும் படாமல், அழிந்தது என்று எழுதப்பட்ட ஒரு தேரை மட்டும் 2009ல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் தென்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், அது விதிவிலக்கு.

இதைத்தான் ஆறாவது பேரழிவின் தொடக்கம் என்று பல விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். முந்தைய ஐந்தின் அளவை நாம் இன்னும் எட்டவில்லை. ஆனால் வேகம்? ஒரு கதை சொல்கிறேன். 1741ல் பெரிங் என்பவரின் கப்பல் வடகடலில் ஒரு தீவில் ஒதுங்கியது. அதிலிருந்த ஸ்டெல்லர் என்ற வைத்தியர், எட்டு மீற்றர் வரை வளரும் ஒரு கடற்பசுவைக் கண்டு விவரித்து எழுதினார். சாதுவான பிராணி, நல்ல இறைச்சி. அவ்வழி போன வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வெட்டித் தின்றார்கள். 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நம் வீதிக் கணக்கில் 27 மில்லிமீற்றர். கட்டை விரல் அகலத்துக்குச் சற்றுக் கூட.

அதன் உறவு நம் வீட்டு வாசலில் இருக்கிறது. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசுவைத் தமிழ்நாட்டுக் கரையில் ஆவுளியா என்பார்கள். நம் பக்கத்தில் கடற்பன்றி. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அது பன்றி இனமல்ல. கடற்புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், யானைக்குத் தூரத்து உறவு. மூன்று மீற்றர் நீளம், எழுபது வயது வரைகூட வாழும். ஒரு வருடத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஒன்றரை ஆண்டளவு பால் குடித்துக்கொண்டு குட்டி தாயின் பக்கத்திலேயே நீந்தும். அதனால் தாய் வலையில் மாட்டினால் போவது ஓர் உயிரல்ல.

இதைப் பிடிப்பதும் விற்பதும் இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டப்படி குற்றம். ஆனாலும் மறைவில் இறைச்சி கைமாறுகிறது என்பது கரையோரத்தில் தெரிந்த கதைதான். கடலில் உள்ளதெல்லாம் ஹலால்தானே என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிர்கள் பொதுவாக உண்ண ஆகுமானவை என்பது உண்மை. ஆகுமானது என்றால் கட்டாயம் என்றா பொருள்? நாட்டுச் சட்டத்தை மீறி, ஓர் உம்மத்தின் கடைசித் தாயை அறுத்துச் சட்டியில் போட யார் அனுமதி தந்தது? மன்னார், கற்பிட்டி, புத்தளம் பக்கத்துச் சகோதரிகளே, அந்த இறைச்சி பொதியாக உங்கள் அடுப்படிக்கு வந்தால் என்ன செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. சமைக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால், அடுத்த முறை அதை வாங்க ஆண்பிள்ளை யோசிப்பார்.

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைக்கடலில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கென்று ஒதுக்கியது. இந்தியாவில் அப்படி ஒதுக்கப்பட்ட முதல் இடம் அது. அங்கிருந்து நம் கரை தூரமில்லை. கடற்பசுவுக்கு எல்லைக்கோடும் தெரியாது.

யாழ்ப்பாணத்துச் சகோதரிக்கு ஒன்று. கடற்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்துபோன இடத்தில், கடலடிப் புல்வெளியின் நடுவே, வெறும் மணலாக ஒரு நெளிந்த தடம் விழும். தண்ணீர் தெளிந்து வற்றிய நேரத்தில் கடற்தொழிலுக்குப் போகிறவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். அப்படியொருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், மகனையும் மாமியையும் அவரிடம் கூட்டிக்கொண்டுபோய்க் கேளுங்கள், அந்தத் தடத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று.